கோட்டின் மேல் எழுதும் சொல்



இந்தச் சொற்பொழிவின் அழைப்பிதழில் ‘கல்வியில் இணையவழி வரைபடக் கருவிகள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். எந்தச் செயலி இலவசம், எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று தெரிந்துகொண்டு போகலாம் என வந்தவர்கள் சிலர் இருப்பீர்கள். அதுவும் கொஞ்சம் உண்டு. பெரும்பகுதி நேரத்தை நான் இரண்டு கட்டங்களை இணைக்கும் கோட்டுக்குச் செலவிடப் போகிறேன். கோட்டைப் பற்றி ஒரு மணி நேரமா என்று கேட்காதீர்கள். எனக்கு அது புரியவே இருபது ஆண்டுகள் ஆயின.

ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. கணினி அறையில் பத்துக் கணினிகள். அன்று ஆறு உயிரோடு இருந்தன. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கணினிக்கு ஐந்தாறு பேராக உட்கார்ந்து, ‘செடிக்கு உணவு எப்படிக் கிடைக்கிறது’ என்பதைப் படமாக வரைந்துகொண்டிருந்தார்கள். கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தக்கூடிய டிரா.ஐஓ என்ற கருவி. ஒரு பையனின் குழு மண், வேர், நீர், இலை, சூரியன், உணவு என ஆறு கட்டங்களை அழகாக அடுக்கி, கோடுகளால் இணைத்து, இலைக்குப் பச்சையும் சூரியனுக்கு மஞ்சளும் பூசியிருந்தது. தேர்வுத்தாளில் இருந்தால் நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

ஒவ்வொரு கோட்டின் மேலும் இரண்டு முறை சொடுக்கி ஒரு சொல் எழுதுங்கள் என்றேன். மண்ணிலிருந்து உணவுக்குப் போன கோட்டின் மேல் அந்தப் பையன் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினான்: ‘கொடுப்பது’. மண் கொடுப்பது உணவு.

பக்கத்தில் நின்ற அறிவியல் ஆசிரியர் என்னைப் பார்த்தார். முந்தைய வாரம்தான் ஒளிச்சேர்க்கைப் பாடம் முடிந்திருந்தது. ‘ஒளிச்சேர்க்கை என்றால் என்ன’ என்ற வினாவுக்கு இதே பையன் பிழையில்லாமல் விடை எழுதியிருந்தான். “ஏண்டா, இலைதானே உணவு தயாரிக்குது?” என்று கேட்டார். “ஆமாங்க சார். ஆனா எங்கப்பா உரம் போடுறாருல்ல? மண்ணுல சத்து இல்லாட்டிப் பயிர் எந்திரிக்காதுங்க சார்.”

அவன் சொன்னதில் பிழை என்று எதைச் சொல்வது? வயலில் வளர்ந்த பிள்ளை கண்ணால் கண்டதைச் சொல்கிறான். பாடம் ஒரு பக்கம், அப்பாவின் உரமூட்டை ஒரு பக்கம். இரண்டும் அவன் மனத்தில் சண்டையில்லாமல் குடியிருந்தன. ஆறு கட்டங்களும் அதைக் காட்டவில்லை. ஒரே ஒரு கோட்டின் மேலிருந்த ஒரே சொல் காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்று அவர்களுக்கு வான் ஹெல்மாண்ட் கதையைச் சொன்னேன். 17ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்தவர். 200 பவுண்டு உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். மரம் ஏறத்தாழ 169 பவுண்டு ஆனது. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தபோது குறைந்திருந்தது சுமார் இரண்டு அவுன்சு. அவர் இறந்தபின் 1648இல் வெளியான நூலில் இது இருக்கிறது. மண் உணவைக் கொடுத்திருந்தால் தொட்டி காலியாகியிருக்க வேண்டும் அல்லவா? பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஹெல்மாண்ட் மட்டும் சரியாகவா சொன்னார்? மரம் முழுவதும் நீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். ‘கேஸ்’ என்ற சொல்லையே உலகுக்குக் கொடுத்தவர் அவர். கரி எரிவதிலிருந்தும் திராட்சைச் சாறு புளிப்பதிலிருந்தும் வரும் வாயுவை இனங்கண்டு பெயர் வைத்தவரும் அவரே. அந்த வாயுதான் அவருடைய மரமாக நின்றுகொண்டிருந்தது. தம் படத்தில் அந்தக் கட்டத்தைப் போட அவருக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே பள்ளிக்குப் போனேன். பையனின் படத்தில் ஓரமாக ‘காற்று’ என்று ஒரு புதுக் கட்டம் முளைத்திருந்தது. அதிலிருந்து இலைக்கு ஒரு கோடு. கோட்டின் மேல் ஒரு கேள்விக்குறி. நான் பார்த்த வரைபடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இப்படிக் கோட்டில் சொல் எழுதும் வழக்கம் எங்கிருந்து வந்தது? கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்பவர் 1970களின் தொடக்கத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியலின் அடிப்படைக் கருத்துகளைக் கற்பித்து, அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை பின்தொடர்ந்தார். பேட்டி மேல் பேட்டி. எழுத்தாக்கிய தாள்கள் மலைபோல் குவிந்தன. ஒரு பிள்ளையின் புரிதல் இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் எப்படி மாறியது என்று அந்தத் தாள்களைப் படித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் 1972இல் அவருடைய குழு ஒரு வழி கண்டது: பிள்ளை சொன்னவற்றிலிருந்து கருத்துகளைக் கட்டங்களாக்கி, அவற்றுக்கிடையே அந்தப் பிள்ளை சொன்ன உறவைக் கோட்டின் மேல் எழுதினார்கள். கருத்து வரைபடம் பிறந்தது. கவனியுங்கள், கற்பிப்பதற்காக அது பிறக்கவில்லை. பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் படித்தறியப் பிறந்தது. மாணவருக்கு முன்பே தெரிந்திருப்பதுதான் கற்றலைத் தீர்மானிக்கும் தலையாய காரணி என்று டேவிட் ஆசுபெல் 1968இல் எழுதிய உளவியல் நூல் இதற்கு அடித்தளம்.

மனவரைபடம் வேறு குடும்பத்துப் பிள்ளை. 1974இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியாக டோனி பூசான் அதைப் பரப்பினார். நடுவில் ஒரு படம், அதிலிருந்து வளைந்து செல்லும் கிளைகள், கிளைக்கு ஒரே சொல், நிறைய வண்ணம். குறிப்பெடுக்க, மறந்ததை நினைவுக்குக் கொண்டுவர, கட்டுரைக்குத் திட்டம் போட நல்லது. ஆனால் அதில் கோடு ஊமை. இது அதிலிருந்து கிளைத்தது என்று மட்டும் சொல்லும்; எப்படி, ஏன் என்று சொல்லாது.

நம் மாநிலத்தில் 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘படைப்பாற்றல் கல்வி’ என்ற பெயரில் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு வந்த கற்பித்தல் முறையில் மனவரைபடம் ஒரு படிநிலை. படித்துப் புரிந்துகொண்டதைப் பிள்ளை தனியாக வரையும், பிறகு குழுவாக வரையும், பிறகு தொகுக்கும். இணையமும் செயலியும் பள்ளிக்கு வருமுன்பே நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சாக்பீசாலும் ஸ்கெட்ச் பேனாவாலும் மனவரைபடம் போட்டவர்கள். அந்த நாள்களில் நானும் பயிற்சியளித்தேன், ஒரு தவறும் செய்தேன். ஆசிரியர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று பாடவாரியாக மாதிரிப் படங்களைத் தயாரித்துப் படியெடுத்துக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு எந்தப் பள்ளிக்குப் போனாலும் என் படமே என்னை வரவேற்றது. அதே கிளை, அதே சொல், ஓரிடத்தில் நான் விட்ட எழுத்துப்பிழை உட்பட. பிள்ளைகள் மனத்தை வரையவில்லை, என் தாளை வரைந்தார்கள்.

இனி வடிவத்துக்கு வருவோம். மனவரைபடச் செயலிகள் அநேகமாக எல்லாமே மரத்தை வரையும் கருவிகள். ஃப்ரீமைண்ட், எக்ஸ்மைண்ட், மைண்ட்மீஸ்டர், காகிள், எதைத் திறந்தாலும் முதலில் நடுவில் ஒரு மையத் தலைப்பு தோன்றும். பாடம் மரமாக இருந்தால் சிக்கலே இல்லை. நன்னூலின் எழுத்து மரம்: முதல், சார்பு என இரு கிளை, முதலெழுத்து முப்பது, அதில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, சார்பெழுத்து பத்து வகை. தமிழாசிரியர்கள் கரும்பலகையில் காலங்காலமாக வரைந்துவரும் படம் இது. செயலிக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். நீர்ச்சுழற்சியை அதே செயலியில் கொடுத்துப் பாருங்கள். சுழற்சிக்கு நடு ஏது? நடுவில் ‘நீர்ச்சுழற்சி’ என்று எழுதி, ஆவியாதல், குளிர்தல், மழை, நிலத்தடி நீர் என நாலு கால் வைத்த பூச்சி ஒன்றைப் பிள்ளை வரைந்துவிடும். சுழல்வது எது என்பது மட்டும் படத்தில் இராது.

திணைப் பாகுபாடு இதைவிடச் சுவையானது. ஐந்திணைக்கு மனவரைபடம் போடாத தமிழாசிரியர் உண்டா? நடுவில் ‘அகம்’, ஐந்து கிளை, ஒவ்வொன்றிலும் நிலம், சிறுபொழுது, பெரும்பொழுது, தெய்வம், உரிப்பொருள். ஒரே தலைப்புகள் ஐந்து முறை. இதன் இயல்பான வடிவம் அட்டவணை. ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தபோது பின்னுரையில் திணைக் கூறுகளை அட்டவணையாகத்தான் போட்டார். திணைக்கு ஒரு வரிசை வைத்துக் கிடைமட்டமாகப் படித்தால் குறிஞ்சி முழுதும் கிடைக்கும். செங்குத்தாகப் படித்தால் யாமம், மாலை, வைகறை, எற்பாடு, நண்பகல் எனச் சிறுபொழுதுகள் வரிசையாக வந்து, ஒரு நாளை ஐந்து திணைகளும் பங்குபோட்டுக் கொண்டிருக்கின்றனவே என்று பளிச்சென்று தெரியும். கிளைகளில் இந்தச் செங்குத்துப் பார்வை கிடைக்காது.

அட்டவணைக்கும் அடங்காத இடம் ஒன்று உண்டு. அதுதான் பாலை. தொல்காப்பியத்தில் அதற்கு நிலமே இல்லை; அட்டவணையில் அந்தக் கட்டம் காலி. முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து பாலை என்ற வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. அதை எங்கே எழுதுவீர்கள்? முல்லைக் கட்டத்திலிருந்து ஒரு கோடு, குறிஞ்சிக் கட்டத்திலிருந்து ஒரு கோடு, இரண்டும் பாலையில் போய்ச் சேர, மேலே ‘வறண்டால் ஆவது’ என்று எழுத வேண்டும். முல்லை வறண்டால் ஆவது பாலை. மரத்திலும் இல்லை, அட்டவணையிலும் இல்லை. குறுக்கே ஓடும் அந்தக் கோட்டில் இருக்கிறது. நோவாக் வழிவந்தவர்கள் இந்தக் குறுக்குக் கோடுகளைத்தான் வரைபடத்தின் உயிர் என்பார்கள். திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்ற தொல்காப்பிய விதியையும் ஒரு கல்லூரி மாணவி குறுக்குக் கோடுகளால் வரைந்து காட்டினாள். திணைகளுக்கிடையே கோடுகள் பின்னிக் கிடந்தன. நிலங்களுக்கிடையே ஒன்றுகூட இல்லை. விதி கண்ணுக்குத் தெரிந்தது.

இப்போது தமிழ் தரும் ஒரு தொல்லை. நோவாக்கின் படத்தைக் கட்டம், கோடு, கட்டம் என்று படித்தால் ஒரு வாக்கியம் வரவேண்டும். ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்பதால் தானாக வந்துவிடும். நமக்கு வினை கடைசியில். செயப்படுபொருள் உருபேற்று நிற்கும். வேரிலிருந்து நீருக்குக் கோடு இழுத்து ‘உறிஞ்சுகிறது’ என்று எழுதினால் ‘வேர் உறிஞ்சுகிறது நீர்’. செய்யுளில் ஓடும், வகுப்பில் எந்தப் பிள்ளையும் இப்படிப் பேசாது. நம் பள்ளிகளில் கோடுகள் ஊமையாகவே நின்றுபோனதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எழுதிப் பார்த்தார்கள், காதுக்கு இடித்தது, விட்டுவிட்டார்கள்.

சிலர் பெயரெச்சம் போடுவார்கள்: ‘வேர் உறிஞ்சும் நீர்’. காதுக்கு இனிமை. ஆனால் இது எதையும் கூறவில்லை. ஒரு தொடர், அவ்வளவுதான். ‘மண் கொடுக்கும் உணவு’ என்று அந்தப் பையன் எழுதியிருந்தால் கவிதைத் தலைப்பு என்று எண்ணி நாங்கள் கடந்து போயிருப்போம். அவன் ‘கொடுப்பது’ என்றான். மண் கொடுப்பது உணவு. இதில் எழுவாயும் பயனிலையும் உண்டு. சரியா தவறா என்று கேட்கலாம். வேர் உறிஞ்சுவது நீர், இலை வெளியிடுவது ஆக்சிஜன் என்று எழுதும்போது தமிழின் சொல்வரிசை கொஞ்சமும் முறியாமல் படம் வாக்கியமாகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஏழாம் வகுப்புப் பையன் வினையாலணையும் பெயரைச் சரியான இடத்தில் வைத்துவிட்டான்.

அறிவியலில் இது ஓடும். இலக்கியத்திலும் வரலாற்றிலும் முட்டும். ‘கபிலர் பாடியது பாரி’ என்று எழுத முடியாதே! ‘பாரியை’ என்றாக வேண்டும். அஃறிணைப் பெயர் ஐ உருபை உதறிவிட்டு வரும், உயர்திணை உதறாது. கட்டத்துக்குள் ‘பாரியை’ என்று எழுதிவிட்டால், அதே கட்டத்திலிருந்து முல்லைக்கு இன்னொரு கோடு போகும்போது ‘பாரியை தேர் ஈந்தது’ என்று ஆகிவிடும். ஒரு வகுப்பில் மாணவர்களே தீர்வு கண்டார்கள். டிரா.ஐஓவில் ஒரே கோட்டின் தொடக்கம், நடு, முடிவு என வெவ்வேறு இடங்களில் சொல் எழுதலாம். நடுவில் ‘பாடியது’, அம்பு முனையருகே சின்னதாக ‘ஐ’. பாரி கூட்டல் ஐ. பகுபத உறுப்பிலக்கணம் படித்த பிள்ளைகள், சொல்லைப் பிரித்துப் பழக்கம், படத்தையும் பிரித்துவிட்டார்கள்.

கருவிகளில் சீமேப் டூல்ஸ் என்பதை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் ஒரு சிறு குறும்பு. ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் உள்ள ஆய்வு நிறுவனம் நோவாக்கின் முறையை ஒட்டிச் செய்த இலவச மென்பொருள் அது. இரண்டு கட்டங்களுக்கிடையே கோடு இழுத்தவுடன் நடுவில் நான்கு கேள்விக்குறிகள் வந்து நின்றுகொள்ளும். சொல் எழுதும்வரை நகராது. மெர்மெய்டில் வேறு வழி: படத்தை வரைவதே இல்லை, ஒரு முனை, கோட்டின் சொல், மறு முனை என்று வரிவரியாகத் தட்டச்சிட்டால் படம் தானாக உருவாகும். கணினி மெதுவாக ஓடும் பள்ளிகளுக்கும் எழுதப் பிடிக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்றது.

எச்சரிக்கைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு செயலியில் திரையில் ஒழுங்காகத் தெரிந்த ‘கொடுப்பது’, பிடிஎஃப் ஆக்கியதும் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறியது. ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு முந்தைய இரவு கண்டுபிடித்தோம். முதல் நாளே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி அச்செடுத்துப் பாருங்கள். கூகுளின் ஜேம்போர்டைப் பெருந்தொற்றுக் காலத்தில் எத்தனையோ ஆசிரியர்கள் கரும்பலகையாக வைத்திருந்தார்கள். 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு அது மூடப்பட்டது. பிடிஎஃப் ஆகச் சேமித்தவர்களிடம் படம் இருக்கிறது, ஒட்டி நகர்த்திய சீட்டுகள் உறைந்துவிட்டன. உங்கள் கணினியிலேயே கோப்பாக நிற்கும் கருவியை விரும்புங்கள். பிள்ளைகள் பெயரில் கணக்குத் தொடங்காதீர்கள். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்கள் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் இசைவு வேண்டும் என்கிறது.

படம் வரைந்தால் பிள்ளை நன்றாகப் படிக்குமா? 2018இல் ஷ்ரோடரும் உடனிருந்தோரும் கருத்து வரைபடம் பற்றிய ஆய்வுகளை, மொத்தம் 11,814 பேரின் முடிவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பயன் உண்டு, பிறர் வரைந்த படத்தைப் படித்தவர்களுக்கு 0.43, தாமே வரைந்தவர்களுக்கு 0.72 என்ற விளைவளவில். என் மாதிரிப் படங்களை நினைத்துக்கொண்டேன். பாடத்தை ஒட்டினால் நொடியில் மனவரைபடம் துப்பும் செயற்கை நுண்ணறிவுப் பொத்தான்களையும் அந்தக் கணக்கிலேயே வைக்கிறேன். ஆசிரியர் தம் குறிப்புக்கு எடுக்கட்டும். பிள்ளை கையில் கொடுத்தால் அது இன்னொரு கோனார் உரை.

இதற்கு எதிர்க்குரலும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பர்டூ பல்கலைக்கழகத்தின் கார்ப்பிக்கியும் பிளன்ட்டும் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் போட்ட மாணவர்களைவிட, படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து நன்றாகச் செய்தார்கள். இறுதித் தேர்வே கருத்து வரைபடம் போடுவதாக இருந்தபோதும் அவர்களே முந்தினார்கள். வரைபடக்காரர்களுக்கு இது பெரிய அடி. மூன்றாண்டு கழித்து அதே இருவர், வரைபடத்தையும் நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து போடச் செய்தார்கள். அப்போது அது பத்தியாக எழுதிப் பார்ப்பதற்கு ஈடாக நின்றது. சிக்கல் படத்தில் இல்லை, திறந்து கிடந்த புத்தகத்தில். மனப்பாடம் செய்து ஒப்பித்தாயா என்று கேட்ட நம் பழைய வாத்தியார்கள் பாதி சரி. ஒப்பித்ததைக் கோடாக்கச் சொல்லியிருந்தால் முழுச் சரி.

நாளை காலை பத்து மணிக்கு இதே கல்லூரியின் கணினி அறையில் பட்டறை. பெயர் கொடுத்தவர்கள் நாற்பது பேர். கணினிகள் பதினாறு, ஆகவே இருவர் மூவராக உட்கார வேண்டியிருக்கும். நீங்கள் பத்துத் தடவையாவது நடத்திய ஒரு பாடத்தைத் தேர்ந்துகொண்டு வாருங்கள். பாடநூலையும் கைப்பேசியையும் வாசலில் உள்ள மேசையில் வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும். பத்துக் கட்டங்களுக்கு மேல் யாருக்கும் அனுமதி இல்லை. கோடுகளில் எழுதிய சொற்களை மதியம் உணவுக்கு முன் ஒவ்வொருவராக உரக்கப் படிக்கச் சொல்வேன். என்னுடையதையும் சேர்த்து.